எல்லாம் அறிந்தவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

நர்சிங் முடித்து நான்கு ஆண்டுகளாக வேலை பார்த்துவரும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருக்கு வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை நோய்; ஒரு காலில் ஆறாத புண். போவதா, இருப்பதா என்று தேவ சித்தம் அறிய 21 நாள் உபவாசமிருந்து ஜெபித்திருக்கிறார். புத்தாண்டு ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது: “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.” ஆண்டவர் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அதே வாரம் அம்மா வேதத்தைத் திறந்தபோது, மாமியாரைவிட்டுப் போகமாட்டேன் என்று ரூத் சொன்ன வசனம் கண்ணில் பட்டிருக்கிறது. ஆண்டவர் இருக்கச் சொல்கிறார் என்பது அம்மாவின் தீர்ப்பு. “எல்லாம் முன்னமே தெரிந்தவரிடம் நான் எதற்காகக் கேட்க வேண்டும்? கேட்டும் ஏன் ஒரு தெளிவான பதில் இல்லை?” என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. ஜெபம் எதற்கு என்பது ஒன்று. தேவ சித்தத்தை எப்படி அறிவது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை தேடிப்போய்த்தான் முதலாவதில் இடறியிருக்கிறீர்கள். எங்கள் சபையில் 30 ஆண்டுகளுக்கு மேல் வாலிபருக்கு வேதபாட வகுப்பு நடத்தியிருக்கிறேன். ஜெபத்தைவிட்டே விலகிப்போன பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் மற்ற எல்லாரையும்விட அதிகமாக ஜெபித்தவர்கள் அவர்கள். ஜெபம் தர வராத ஒன்றை அதனிடம் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார்கள். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்ற கவலையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட முதல் கேள்வி மத்தேயு 6ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. நீங்கள் வேண்டிக்கொள்வதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று 8ஆம் வசனத்தில் இயேசு சொல்கிறார். “ஆகையால் கேட்க வேண்டாம்” என்று அடுத்த வரி வந்திருந்தால் நம் தர்க்கத்துக்குப் பொருந்தியிருக்கும். ஆனால் அடுத்த வரியில் பரமண்டல ஜெபம் தொடங்குகிறது. அவருக்குத் தெரியும் என்பதையே ஜெபிப்பதற்குக் காரணமாக வைக்கிறார். தெரியாதவருக்குத்தான் விவரமாக விண்ணப்பம் எழுதி, அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். தெரிந்தவரிடம் வீண்வார்த்தை தேவையில்லை. “எங்கள் பிதாவே” என்று நேராகத் தொடங்கிவிடலாம்.

உங்கள் தொழிலிலிருந்தே ஒன்று கேட்கிறேன். இரவு டியூட்டிக்கு வருகிறீர்கள். கேஸ் ஷீட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது. எந்த இடத்தில் அறுவை, என்ன மருந்து, எப்போது கொடுத்தது என்று படித்துவிட்டுத்தான் கட்டிலருகே போகிறீர்கள். போனதும், “எங்கே வலிக்கிறது?” என்றுதானே கேட்கிறீர்கள்? உங்களுக்குத் தெரியாமலா? அந்த மனிதர் வாய் திறந்து “இங்கேதான் அம்மா” என்று சொல்லும்போது, அதுவரை சுவரைப் பார்த்துக் கிடந்தவர் தம்மை உங்கள் கையில் ஒப்படைக்கிறார். எரிகோ சாலையோரம் கூப்பிட்டுக்கொண்டிருந்த பர்திமேயுவைப் பார்த்து, “நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?” என்று இயேசு கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது அங்கே நின்ற சிறு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டார், அவனும் சொன்னான்.

ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் புரோபா என்ற ரோமாபுரிப் பிரபு குலத்து விதவை, ஜெபத்தைப் பற்றி எழுதும்படி ஆயர் அகஸ்தீனைக் கேட்டார். அகஸ்தீன் அனுப்பிய நீண்ட பதில் இன்றும் இருக்கிறது. நம் விருப்பத்தைத் தேவன் அறிந்துகொள்வதற்காக நாம் ஜெபிப்பதில்லை. அவர் தர ஆயத்தமாய் வைத்திருப்பது பெரிது, அதை வாங்கிக்கொள்ள நம் உள்ளம் சிறிது. ஜெபம் நம் ஆசையை விரித்து அந்த இடத்தை உண்டாக்குகிறது என்பது அதன் சாரம். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியலாளர் வேறொரு பக்கத்திலிருந்து சொன்னார்: தேவனுடைய தீர்மானத்தை மாற்றுவதற்காக நாம் ஜெபிக்கவில்லை, ஜெபத்தின் வழியாகவே நடக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தவை நடப்பதற்காக ஜெபிக்கிறோம். விளைச்சல் தேவன் கொடுப்பதுதான் என்று நம்பும் விவசாயியும் விதைக்காமல் இருப்பதில்லை அல்லவா?

இந்த இரண்டில் அகஸ்தீன் சொன்னதே என் மனதில் ஆழமாக நிற்கிறது. காரணம் என் அம்மா. பழைய தகர டிரங்குப் பெட்டியின்மேல் முழங்கைகளை ஊன்றி, விடியற்காலையில் முழங்காலில் நின்று ஜெபிப்பார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஜெபிக்கும் வழக்கம். பக்கத்து வீட்டோடு எங்களுக்கு வேலித் தகராறு. இரண்டு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் வரிசையில் அந்த வீட்டு அக்காளின் பெயரும் வரும். பெயர் மட்டும்தான், அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது. ஒரு நாள் அந்தப் பெயரைச் சொன்னதும் அம்மா நிறுத்திவிட்டார். நான் பாயில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமென் சொல்லாமல் எழுந்தார், சேலைத் தலைப்பை உதறிப் போர்த்துக்கொண்டார், இருட்டோடு இருட்டாக அந்த வீட்டுப் படியேறிக் கதவைத் தட்டினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலி இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அன்று மாலை அவர்கள் வீட்டு முருங்கைக்கீரை எங்கள் அடுப்பில் இருந்தது.

அடுத்தது தேவ சித்தம். நம் மொழியில் இந்தச் சொல் அமைந்திருக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் “சித்தம்” என்றால், கத்தோலிக்கர் ஜெபத்தில் “திருவுளம்” என்று இருக்கிறது. சித்தம் என்றாலும் மனம், உளம் என்றாலும் மனம். “திட்டம்” என்ற சொல்லை இரு தரப்பாருமே அந்த இடத்தில் போடவில்லை. நாமோ இப்போது தேவ சித்தம் என்றதும் எங்கோ பூட்டிய அலமாரியில் நம் பெயர் எழுதிய கோப்பு ஒன்று இருப்பதாக நினைக்கிறோம்: எந்த ஊர், எந்த வேலை, எந்த வரன் என்று அதில் எழுதியிருக்கிறது, சரியான சாவி கிடைத்தால் திறந்து படித்துவிடலாம், ஒரு வரி தவறினால் வாழ்க்கையே தடம்புரண்டுவிடும். ஒருவருடைய மனம் அப்படி அறியப்படுவதில்லை. கூடவே இருந்து, சொன்னதைக் கேட்டு, பழகப் பழக, கேட்காமலே குறிப்பறிந்து நடக்கும் பக்குவம் வருகிறது. நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவியைப் பாருங்கள்.

அவர் மனதில் இருப்பதில் பெரும்பகுதியை அவர் ஒளித்துவைக்கவும் இல்லை. நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, மனத்தாழ்மையாய் நட என்கிறது மீகா 6:8. நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும் என்பதே தேவனுடைய சித்தம் என்று 1 தெசலோனிக்கேயர் 4:3 பெயர் சொல்லியே எழுதுகிறது. அறுத்தவனுக்குக் கொடுக்காத கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. வரதட்சணை வாங்கலாமா என்று உபவாச ஜெபம் வைப்பவர்களையும், “கர்த்தருக்குச் சித்தமானால்” என்று பத்திரிகையில் அச்சிட்டுவிட்டுப் பின்வாசலில் நகைக்கணக்குப் பேசுபவர்களையும் பார்த்து எனக்கு மனம் வெதும்பியிருக்கிறது. தெரிந்த சித்தத்தைச் செய்யாமலே வைத்துக்கொண்டு, தெரியாததை அறியத் தவமிருக்கிறோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நடந்ததெல்லாம் தேவ சித்தம் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டியவனின் வண்டியில் அடிபட்டு இறந்த பிள்ளையின் வீட்டில் போய் நின்றும் அதைச் சொல்கிறோம். பரமண்டல ஜெபம் அப்படிச் சொல்லவில்லை. உம்முடைய சித்தம் பூமியிலேயும் “செய்யப்படுவதாக” என்று நாள்தோறும் வேண்டச் சொல்கிறது என்றால், பூமியில் அது இன்னும் முழுமையாகச் செய்யப்படவில்லை என்றுதானே பொருள்? அந்த வரியைச் சொல்லும்போது, நடப்பதை ஏற்றுக்கொள்வது மட்டும் நம் வேலை ஆகாது. இது இப்படி இருக்கக்கூடாது என்று அவருடைய பக்கத்தில் நின்று கேட்கிறோம்.

சரி, போவதா இருப்பதா என்ற உங்கள் விஷயத்துக்கு வேதத்தில் நேர்க்கட்டளை இல்லை. அதனால்தான் அட்டை, திறந்த பக்கம் என்று அடையாளம் தேடினீர்கள். எரேமியா 29ஐ முழுவதும் வாசித்துப்பாருங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்குத் தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். உங்கள் அட்டையில் இருக்கும் 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனம், 70 வருஷம் நிறைவேறின பின்புதான் ஊர் திரும்புவீர்கள் என்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் அங்கேயே சாகப்போகிறவர்கள். அவர்களுக்கு 5ஆம் வசனத்தில் வந்த கட்டளை: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள். 7ஆம் வசனத்தில்: நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். அந்த வசனம் உங்களுக்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குள் விமான டிக்கெட் இல்லை. போனாலும் இருந்தாலும் அங்கே வேரூன்றி, அந்த ஊருக்காக ஜெபித்து வாழ் என்பதுதான் இருக்கிறது.

சீட்டுப் போடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்கிறேன். தமிழில் அதற்குத் திருவுளச்சீட்டு என்றே பெயர். எனக்கு அப்போது 7 வயது. அக்காவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. அப்பா நாட்காட்டியின் பழைய தாளைக் கிழித்து, ஒன்றில் “சம்மதம்”, ஒன்றில் “வேண்டாம்” என்று எழுதி, நான்காக மடித்து எவர்சில்வர் தட்டில் போட்டார். குடும்ப ஜெபம் முடிந்ததும் கடைக்குட்டியான என்னை எடுக்கச் சொன்னார்கள். “வேண்டாம்” வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஜெபம் முடிவதற்குள் பிள்ளை கை வைத்துவிட்டான் என்றார் அம்மா. மறுபடியும் ஜெபித்தார்கள், மறுபடியும் “வேண்டாம்”. மூன்றாவது தடவை “சம்மதம்” வந்தது. அப்பா ஸ்தோத்திரம் சொன்னார். அத்தனை நேரமும் அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் நல்ல மனிதர். அக்கா நன்றாகவே வாழ்ந்தாள். ஆனால் 60 வயது தாண்டிய பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: “அன்றைக்கு ஆண்டவரிடம் மூன்று தடவை கேட்டார்கள். என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.”

பெரியவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறிய மொரேவிய சபையார் ஒரு காலத்தில் திருமணங்களைக்கூடச் சீட்டுப் போட்டு உறுதிசெய்தார்கள், பிறகு கைவிட்டார்கள். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1737 மார்ச்சில், அமெரிக்காவின் ஜார்ஜியாவில், சோஃபி ஹாப்கி என்ற பெண்ணை மணப்பதா என்று அறிய ஜெபித்து மூன்று சீட்டுப் போட்டார். இனி அந்த எண்ணமே வேண்டாம் என்ற சீட்டு வந்தது. அதே மாதத்தில் அவள் வேறொருவரை மணந்தாள். ஆகஸ்டில் அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். அது வழக்காகி, டிசம்பரில் அவர் அந்த நாட்டைவிட்டே புறப்பட வேண்டியதாயிற்று. சீட்டு அவர் கேள்விக்கு விடை தந்தது. நெஞ்சில் இருந்த காயத்தை அது தொடவே இல்லை. அப்போஸ்தலருடைய நடபடிகளிலும் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்ததுதான் கடைசிச் சீட்டு. அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவி இறங்குகிறார். அதற்குப்பின் அந்தப் புத்தகத்தில் சீட்டே இல்லை. பெரிய சிக்கல் வந்தபோது கூடிப்பேசி, வாதாடி, “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது” என்று எழுதினார்கள்.

களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, அது மட்டும் பனியில் நனைய வேண்டும் என்று தேவனிடம் அடையாளம் கேட்ட கிதியோனை உதாரணம் காட்டுவார்கள். நியாயாதிபதிகள் 6:36இல் “தேவரீர் சொன்னபடி” என்றுதான் அவன் ஆரம்பிக்கிறான். சித்தம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும், துணிவுதான் போதவில்லை. தேவன் அவன் பலவீனத்துக்கு இரங்கினார். பயந்தவனுக்குக் காட்டிய இரக்கம் எல்லாருக்கும் விதி ஆகிவிடாது.

“மனதில் சமாதானம் இருக்கிறதா? அப்படியானால் அதுதான் சித்தம்” என்றும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். தேவனைவிட்டு ஓடிய யோனா புயலிலும் கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகும் கப்பலும் தயாராக நின்றது, கையில் கூலியும் இருந்தது. கதவு திறந்தது என்று அவன் சாட்சி சொல்லியிருக்கலாம். தேவ சித்தத்தின் நடுவே நின்ற இயேசுவோ கெத்செமனேயில் வியாகுலப்பட்டார். பவுலுக்குத் துரோவாவில் கர்த்தரால் கதவு திறக்கப்பட்டும், தீத்துவைக் காணாததால் ஆவியில் அமைதலில்லாமல் புறப்பட்டுப் போனார். மன அமைதியும் திறந்த கதவும் கவனிக்க வேண்டியவைதான். அவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக்கூடாது.

கெத்செமனேயைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். என் பதிலில் எனக்கு மிக முக்கியமான இடம் இது. மத்தேயு 26இல் அந்த ஜெபங்களை அடுத்தடுத்து வைத்து வாசியுங்கள். முதல் தடவை (39ஆம் வசனம்): கூடுமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல. இரண்டாம் தடவை (42ஆம் வசனம்): நான் பானம்பண்ணினாலொழிய இது நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது. முதலாவதில் நீங்கட்டும் என்ற வேண்டுதல் முன்னே நிற்கிறது. இரண்டாவதில் அது நீங்காமலும் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்ட குரல் கேட்கிறது. அங்கே வரும் கிரேக்கச் சொற்கள், பரமண்டல ஜெபத்தில் “உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக” என்ற இடத்தில் வரும் அதே சொற்கள். சீஷருக்குக் கற்றுக்கொடுத்த வரியைத் தாமே தரையில் முகங்குப்புற விழுந்து சொல்கிறார். ஆனால் எடுத்தவுடன் அங்கே போய்விடவில்லை. தமக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் மறைக்காமல் சொன்னார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆண்டவர் என்ன சொல்கிறார், அம்மா என்ன சொல்கிறார் என்பதெல்லாம் இருக்கிறது. உங்களுக்கு என்ன ஆசை என்று ஒரு வரி இல்லை. 21 நாளில் ஒரு தடவையாவது, “எனக்குப் போக ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது” என்றோ, “போகப் பிடிக்கவில்லை, ஆனால் கடன் நெருக்குகிறது” என்றோ அவரிடம் சொன்னீர்களா? சொந்த விருப்பம் என்றாலே பாவம் என்று நமக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இருக்கும் சித்தத்தைத்தான் ஒப்புக்கொடுக்க முடியும். இல்லை என்று மூடிவைத்ததை எப்படி ஒப்புக்கொடுப்பது?

கேட்டது கிடைக்காமலும் போகலாம். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். டோனாவூரில் பெண்பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர் சுகம்பெற வேண்டும் என்று ஜெபிக்க ஒரு குடும்பமே இருந்தது. ஆனாலும் 1951இல் மரிக்கும்வரை அந்த 20 ஆண்டுகளில் பெரும்பகுதி அறைக்குள்தான் கழிந்தது. அங்கே கிடந்தபடியே எழுதினார், பிள்ளைகளைக் கட்டிலருகே கூப்பிட்டுப் பேசினார். தம் உடலில் முள்ளாகக் குத்திய துன்பத்தை எடுத்துவிடும்படி மூன்று தடவை வேண்டிய பவுலுக்கும் முள் போகவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்ற வார்த்தை வந்தது. ஏன் சிலருக்கு மட்டும் சுகம் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. கேட்டவர்கள் தள்ளிவிடப்படவில்லை என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ரோமர் 12:2இல் தேவ சித்தத்தைப் “பகுத்தறிய” வேண்டும் என்று வருகிறது. மனம் புதிதானவர்கள் அந்த மனதைப் பயன்படுத்திச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதே அங்கே எதிர்பார்ப்பு. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்கிறார் யாக்கோபு. ஆகவே பதிலைக் கேட்பதை நிறுத்தி, ஞானத்தைக் கேளுங்கள். ஒப்பந்தப் பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அம்மாவின் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றுவது யார், மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் அதுவும் ஒரு செய்தி. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் இப்படிப்பட்ட நேரத்துக்குச் சில வழிகள் சொல்லியிருக்கிறார். முன்பின் பார்த்திராத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருடைய நன்மைக்கு என்ன சொல்வீர்கள் என்று யோசிப்பது ஒன்று. மரணப்படுக்கையில் கிடக்கும்போது எதைத் தேர்ந்தெடுத்திருக்க விரும்புவீர்கள் என்பது இன்னொன்று. மனம் இருண்டு வறண்டு கிடக்கும் நாளில், முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்றும் எச்சரித்தார். அந்தக் கடைசி எச்சரிக்கை என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், வேதத்தை மூடிவைத்துவிட்டு அம்மாவோடு உட்காருங்கள். நீங்கள் ஒரு வசனத்தைக் காட்ட, அவர் ஒரு வசனத்தைக் காட்ட, நடுவில் ஆண்டவரைத் தூதுவராக நிறுத்திவைத்திருக்கிறீர்கள். இரவு காலுக்கு மருந்து போடும்போது கேளுங்கள்: “நான் போனால் உங்களுக்கு எது பயம்?” அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பிறகு உங்கள் ஆசையைச் சொல்லுங்கள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஜெபியுங்கள். அது இந்த 21 நாள் ஜெபத்தைப்போல இருக்காது.

அதன்பின் முடிவெடுங்கள், பயப்படாமல். நல்ல மனசாட்சியோடு, தெரிந்த கட்டளைகளை மீறாமல், அன்பை விட்டுக்கொடுக்காமல் எடுத்த முடிவில் நீங்கள் போனால் அங்கேயும் அவர் இருப்பார்; இருந்தால் இங்கேயும் இருப்பார்.

முடிவு எதுவானாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அம்மாவின் பெயரையும் எழுதுங்கள். ஆண்டவருக்கு அது தெரியும். காலையில் முழங்காலில் நின்று சொல்ல எனக்குத் தெரிய வேண்டும்.